முதல் லாங் ரைடு: ஏலகிரியா, ஏற்காடா, சிக்கமகளூரா, ஊட்டியா?

பெங்களூருவில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நாலு தமிழ்ப் பையன்கள் முதல் தடவையாக பைக்கில் வெளியூர் போக முடிவெடுத்தால், பத்தே நிமிடத்தில் ஊர் முடிவாகிவிடும். பெரும்பாலும் ஊட்டி. எந்த வழி, எத்தனை மணிக்கு, யார் வண்டியில் யார் என்பதெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பேச்சுக்கு வரும்.

என் கட்சி வேறு. முதல் பயணத்துக்கு ஊரைத் தேடாதீர்கள், ரோட்டைத் தேடுங்கள். உங்களில் யாருக்கு ஓட்டிப் பழக்கம் குறைவோ, அவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் முதுகு வலியோடு எந்த ரோட்டில் திரும்பி வந்தால் மற்ற மூன்று பேருக்கும் வயிற்றைக் கலக்காதோ, அந்த ரோடுதான் உங்களுடையது. போகும்போது எல்லோரும் நன்றாகத்தான் ஓட்டுவோம். சோதனை எல்லாம் திரும்பும்போதுதான்.

ஒப்பிட வசதியாகச் சில விஷயங்களை வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு என இரண்டு நாள், ஒரு ராத்திரி தங்கல். வண்டிகள் ஸ்பிளெண்டரிலிருந்து 350 சிசி வரை கலந்து இருக்கும். வீடு பொம்மனஹள்ளி, பிடிஎம், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெங்களூருவில் எந்த வாசல் வழியாக வெளியே போகிறோம் என்பதிலேயே ஒரு மணி நேரம் கூடும், குறையும்.

முதலில் ஊட்டி. சுமார் 270 கிலோமீட்டர்தானே, என் மாமா காரில் ஆறு மணி நேரத்தில் போனாரே என்று ஒருவர் ஆரம்பிப்பார். மாமாவின் கணக்கு நமக்குப் பொருந்தாது. 2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. ஆட்டோ, டிராக்டரோடு சேர்த்து நம்மையும் சர்வீஸ் ரோட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். கார்கள் பைபாஸில் பறக்க, நாம் ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வெளியே வரவேண்டும். நடுவில் ஸ்பீட் பிரேக்கர், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர், ரோட்டோரம் நிற்கும் கரும்பு வண்டி. காரில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற மைசூருக்கு பைக்கில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதலுக்கு மத்தூர் வடை உண்டு, அவ்வளவுதான்.

இதற்குப் பதிலாகக் கனகபுரா ரோட்டைப் பிடித்து மளவள்ளி, கொள்ளேகால், சாமராஜநகர் வழியாகக் குண்டுலுபேட்டை போகலாம். பைக்குக்கு இதுதான் மேல். ஆனால் எந்த வழியில் வந்தாலும் பந்திப்பூர் காட்டைக் கடந்தாக வேண்டும். அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. பஞ்சராகி, தாமதமாகி, எட்டே முக்காலுக்குக் காட்டு எல்லையில் நிற்பது எந்தக் குழுவுக்கும் பிடிக்காத அனுபவம். பகலிலும் அந்தக் காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. யானை ரோட்டைக் கடக்கும்போது காரில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். நமக்கு ஏற்றிக்கொள்ள எதுவும் கிடையாது.

பந்திப்பூரைத் தாண்டித் தெப்பக்காட்டில் இரண்டு வழி பிரியும். மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறினால் தூரம் குறைவு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், அதுவும் செங்குத்தாக. விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்தப் பாதையில் கீழே இறங்க விடுவதில்லை. அதனால் திரும்பும்போது கூடலூர் வழிதான்; அது சுற்று. போதாததற்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் அதையும் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். மேலே போனால் 2,240 மீட்டர் உயரத்துக் குளிர். கிளவுஸ் இல்லாத கை கிளட்சைப் பிடிக்க மறுக்கும்.

ஊட்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. தென்னிந்தியாவில் இதைவிட அழகான பைக் ரோடு எனக்குத் தெரியாது. ஆனால் காடு, மலை, குளிர், நேரக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே நாளில் வருகிறது. மூன்றாவது, நான்காவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கமகளூர் நேர் எதிர் ரகம். தூரம் ஏறக்குறைய 245 கிலோமீட்டர், ஊட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் நெலமங்கலாவிலிருந்து ஹாசன் வரை 75-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நடுவில் தடுப்போடு அகலமாகப் போகிறது. எதிரே வருகிறவனைப் பற்றிக் கவலை இல்லை. ஹாசனுக்குப் பிறகு பேலூர் வழியாக இரண்டு வழிச் சாலை. பேலூர்க் கோயிலில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் முதுகுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. ஹளேபீடு, சோமநாதபுரம் கோயில்களோடு சேர்த்து 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோயில் அது.

எனக்கு இருக்கும் குறை மூன்று. ஒன்று, நகரத்தின் தெற்கில் இருப்பவர்களுக்கு நெலமங்கலா போவதே ஒரு பயணம். ஊருக்குள் போய் யஷ்வந்த்பூர், பீன்யா வழியாகப் போகலாம். இல்லையென்றால் டோல் கட்டி நைஸ் ரோடு. அந்த நைஸ் ரோட்டில் இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை பைக்குகளுக்கு அனுமதி இல்லை என்று 2022-ல் தடை வந்தது. நாலு மணிக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசிக் கிளம்பியும் பயனில்லை. இரண்டு, குனிகலுக்குப் பிறகு ரோடு நேராக, தட்டையாக, மணிக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும். பழக்கமில்லாதவருக்கு வளைவைவிட இந்த நேர்கோடுதான் ஆபத்து, கண் சொக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், டீ வேண்டாம் என்றாலும் நிறுத்துங்கள். மூன்று, அங்கே போய்விட்டு முள்ளய்யனகிரி ஏறாமல் வர மனசு வராது. 1,930 மீட்டர், கர்நாடகத்திலேயே உயரமான சிகரம். மேலே போகப்போக ரோடு குறுகி, சனி ஞாயிறுகளில் ஜீப்பும் காரும் நெருக்கி நிற்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை வேறு. சிக்கமகளூருக்கு இரண்டு ராத்திரி வேண்டும். நீண்ட வார இறுதி கிடைத்தால் யோசியுங்கள்.

ஏற்காடு பெரும்பாலோருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாதிரி. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டினால் அத்திப்பள்ளி, ஓசூர், பிறகு நேராக 44-ஆம் எண் சாலைதான். சுமார் 230 கிலோமீட்டர். டோல்களில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் மட்டும் உண்டு. வழி முழுக்கத் தமிழில் பேசிச் சமாளிக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. செயின் கழன்று சூளகிரியில் நிற்கும்போது, "அண்ணே, பக்கத்துல மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்க முடிவது பெரிய தைரியம். ஓசூரே வண்டி செய்கிற ஊர். டிவிஎஸ் தொழிற்சாலை அங்கேதான். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, மூன்றிலும் எந்த கம்பெனி வண்டிக்கும் பார்ட்ஸ் கிடைக்கும்.

எல்லாம் சரி, நடுவில் தொப்பூர் இருக்கிறது.

தர்மபுரி தாண்டி சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயைப் பற்றி லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். ரோடு நன்றாகத்தான் இருக்கும், இறக்கமும் பார்க்க அப்படி ஒன்றும் பயங்கரமாகத் தெரியாது. அதுதான் சிக்கல். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, தொடர்ந்து பிரேக்கை மிதித்தே இறங்கும் கனரக வண்டியில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பரில் அப்படிக் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி முன்னால் நின்ற பல வண்டிகள் மேல் ஏறி உயிர்களைப் பறித்தது. இரட்டைப் பாலம் பக்கத்தில் விபத்துச் செய்தி வராத வருடமே இல்லை என்று சொல்லலாம். இங்கே நம் ஓட்டும் திறமைக்கு வேலை இல்லை. பின்னால் வருகிற லாரிக்கு பிரேக் இருக்கிறதா என்பது நம் கையில் இல்லையே.

இதில் ஒரு நல்லது உண்டு. பெங்களூருவிலிருந்து போகும்போதுதான் இறக்கம். அதாவது சனிக்கிழமை காலையில், களைப்பில்லாத நேரத்தில் இறங்கிவிடுவோம். ஞாயிறு திரும்பும்போது ஏற்றம்தான். இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டாமல், கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே, மூன்றாவது கியரில் சீராக இறங்கினால் போதும். ஆனால் முதல் தடவை நெடுஞ்சாலைக்கு வருகிறவர் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை, முன்னால் போகும் நண்பனின் டெயில் லைட்டைத்தான் பார்ப்பார். அதனால்தான் எனக்குத் தயக்கம். அதற்குப் பிறகு சேலம் கோரிமேடு வழியாக அடிவாரம் போய் ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் அருமையானவை. தொப்பூரோடு ஒப்பிட்டால் அங்கே பயப்பட ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது ஏலகிரி. பெயரைச் சொன்னதும் குழுவில் யாராவது ஒருத்தர், "ஏலகிரியா? அங்க என்னடா இருக்கு?" என்பார். உண்மைதான், பெரிதாக ஒன்றும் இல்லை. புங்கனூர் ஏரியில் படகு, சுவாமிமலைக்கு ஒரு நடை, சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி. இருந்தும் முதல் பயணத்துக்கு நான் இதையே சொல்வேன்.

தூரம் சுமார் 160 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் நாலு மணி நேரம், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து. கிருஷ்ணகிரி வரை ஏற்காடு போகும் அதே ரோடு. அங்கிருந்து சேலம் பக்கம் போகாமல் சென்னை ரோட்டைப் பிடித்து பர்கூர், நாட்றம்பள்ளி தாண்டி மலைக்குத் திரும்பவேண்டும். தொப்பூர் இல்லை, காடு இல்லை, நேரத் தடை இல்லை. மலை 1,100 மீட்டர் அளவுதான், வளைவுகள் 14. ஏழு வளைவுகளுக்குப் புலவர்கள் பெயர், ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர். பாரியில் கியரைக் குறைத்தாயா, அதியமானில் ஹாரன் அடித்தாயா என்று மேலே போய்ச் சண்டை போடலாம்.

இந்த 14-ஐத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏறும்போது வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடவேண்டும், வளைவின் நடுவில் கிளட்சைப் பிடிக்கக் கூடாது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கும்போது நாம்தான் ஒதுங்க வேண்டும். இறக்கத்தில் எஞ்சினை அணைப்பது, நியூட்ரலில் விடுவது இரண்டும் வேண்டாம்; எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் பாதி பிரேக் வேலையை எஞ்சினே செய்துவிடும். சரியாக வரவில்லையா, மறுநாள் காலை ஆறு மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது பாதி மலை இறங்கி மறுபடி ஏறுங்கள். ஊட்டியில் இப்படி ஒத்திகை பார்க்க நேரமும் கிடைக்காது, தெம்பும் இருக்காது.

பார்க்க ஏதாவது இருந்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடும் வழக்கம் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஆசையும் வரும்: இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிடலாமே என்று. போங்கள். ஆனால் ஞாயிறு மதியம் வேண்டாம், சனிக்கிழமை மதியம் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்ட பிரியாணி தின்றுவிட்டு இரண்டு மணி வெயிலில் கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டுகிறவன் பாதித் தூக்கத்தில்தான் ஓட்டுவான்.

இனி வண்டி. சொந்த 125 சிசி வண்டியா, வாடகைக்கு 350-ஆ? போட்டோவுக்கு எது அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. டிராஃபிக்கில் ஒரு பக்கம் சாய்ந்தால் காலை ஊன்றிப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த எண்பது கிலோவில் போய்விடும். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பின் பிரேக் எவ்வளவு அழுத்தினால் வழுக்கும் என்பதெல்லாம் தினம் ஓட்டுகிற வண்டியில் கை கால்களுக்கே தெரியும். வாடகை வண்டியில் அதைக் கற்றுக்கொள்வதற்குள் கிருஷ்ணகிரி வந்துவிடும். எனவே சொந்த வண்டி. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டி இருந்தால் அதைக் குறைந்த அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். 125 சிசிக்கு மேல் 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற எல்லா வண்டியிலும் அது இருக்கும்.

வாடகைக்குத்தான் எடுப்பேன் என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை ஒருவர் வாடகைக்குத் தந்தால், அது சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் கை விரித்துவிடுவார். மாநில எல்லை தாண்டலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வேண்டாம். வண்டியைக் குறை சொல்லவில்லை, ஒருத்தர் சார்ஜ் போட மூன்று பேர் காத்திருக்கவேண்டும்.

நாலு பேருக்கு நாலு வண்டியா, இரண்டா? என் யோசனை மூன்று. மூன்று பேர் ஓட்ட, ஒருத்தர் பின்னால் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். நிறுத்துமிடம்தோறும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும், கை வலித்தாலும் வண்டி அநாதையாக நிற்காது. நாலு பேருக்கும் லைசென்ஸ் இருக்கவேண்டும், இரட்டை ஹெல்மெட் வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் இரண்டு மாநிலத்திலும் கட்டாயம். பைகளை ஆள் ஏறாத இரண்டு வண்டிகளில் கட்டிவிடுங்கள். வேகத்தைச் சின்ன வண்டிதான் தீர்மானிக்கவேண்டும். ஸ்பிளெண்டர் இருந்தால் 65, அதற்கு மேல் போகிறவனுக்கு ஹோட்டல் பில். வழி தெரிந்தவர் முன்னால், புதியவர் நடுவில், நன்றாக ஓட்டுகிறவர் கடைசியில். நன்றாக ஓட்டுகிறவர் எப்போதும் முன்னால் போகத்தான் துடிப்பார், விடாதீர்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் பெட்ரோலில்தான். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் ஏலகிரி போய் வர ஒரு வண்டிக்கு 8 லிட்டர், ஊட்டிக்கு 13 லிட்டருக்கு மேல். அறை வாடகை எல்லா மலையிலும் சனிக்கிழமை ஏறித்தான் இருக்கும், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நேரம் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து நேராகக் கிளம்புவது கூடவே கூடாது. சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரை ஊருக்குப் போகும் ஆம்னி பஸ்களோடு முட்டி மோதி, இருட்டில் நெடுஞ்சாலை ஏறுவது முதல் பாடமாக இருக்கவேண்டாம். சனி காலை ஐந்து மணி. எட்டுக்குள் கிருஷ்ணகிரியில் இட்லி. ஞாயிறு அதைவிட முக்கியம்: மதியம் ஒரு மணிக்குள் ஓசூரைத் தாண்டிவிடுங்கள். நாலு மணிக்கு மேல் அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா வரிசையாக அடைத்துக்கொள்ளும். 140 கிலோமீட்டரை ஒழுங்காக ஓட்டி வந்தவன் கடைசி இருபதில்தான் கிளட்ச் கை மரத்து எவன் பம்பரிலாவது இடிப்பான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓட்டெடுப்பில் ஊட்டிதான் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் திங்கட்கிழமை லீவு போடுங்கள். கனகபுரா ரோட்டில் போய், முதல் நாள் குண்டுலுபேட்டையிலேயே தங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குப் பந்திப்பூர் திறந்ததும் காட்டைக் கடந்து, வெளிச்சத்திலேயே கூடலூர் வழியாக மலை ஏறுங்கள். லீவு கிடைக்கவில்லையென்றால் மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊட்டிக்கு பஸ் இருக்கிறது.